எலி சரியில்லைன்னு சொன்னேன்

ஊரே அமீர்பேட்டுக்குக் கம்ப்யூட்டர் படிக்க ஓடினப்ப, நாப்பது வயசுல கல்பகம் எலி பிடிக்கப் போறாளாம்னு என் சொந்தக்காரங்க கேலி பண்ணினாங்க. பண்ணட்டும். சர்க்கரை வியாதிக்கு ஆவாரம்பூச் சாறு கேக்குமான்னு பார்க்கிறதுதான் என் ஆராய்ச்சி. மூணு பேட்ச் எலி ஆச்சு. சாறு குடிச்ச எலிக்கும் சர்க்கரை முந்நூத்தி நாப்பது, வெறும் தண்ணி குடிச்ச எலிக்கும் முந்நூத்தி நாப்பது.

"வேலை செய்யலைம்மா, அப்படியே எழுதிடு"ன்னார் என் கைடு ராமசுவாமி சார். எனக்கு வந்ததே கோபம்! "எலி சரியில்லை சார்"னு சண்டை போட்டேன்.

சும்மா போடலை. வீட்டுல என்கிட்ட அத்தாட்சி இருந்தது.

என் வீட்டுக்காரர் புருஷோத்தமனுக்கு எட்டு வருஷமா சர்க்கரை. டாக்டர் இன்சுலின்னு சொன்னதும், ஊசின்னாலே நடுங்கற மனுஷன், "உன் கஷாயத்தையே குடிக்கிறேனே"ன்னார். எனக்குத் தலைகால் புரியலை. என் படிப்பை ஒருத்தர் நம்பினது அன்னிக்குத்தான். லோத்குண்டாவுல மிலிட்டரி சுவர் ஓரமா பூத்துக் கிடக்கிறதைப் பறிச்சு, தினம் ஒரு டம்ளர் காய்ச்சிக் குடுத்தேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் நான்தான்.

மாசம் முதல் வெள்ளிக்கிழமை, வெறும் வயித்துல அவர் விரலைக் குத்தி நானே பார்ப்பேன். முதல் தடவை இருநூத்தி அறுபது. அன்னிக்குப் பூரா நான் சாப்பிடாம உக்காந்திருந்தேன். அடுத்த மாசம் நூத்திப் பத்து! அப்புறம் நூத்தி எட்டு. ஆறு மாசம் அப்படியே நின்னுது. எலியாவது ஒண்ணாவது!

ஒரு நாள் அவர் ஷூவைக் கழட்டினப்ப நாத்தம் குப்புன்னு அடிச்சுது. குதிகால் கறுத்துக் கிடந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில மூணு மாச சராசரி டெஸ்ட் எடுத்தாங்க. முந்நூறுக்கு மேல. "உங்க மெஷின் சரியில்லை"ன்னு அங்கேயும் கத்தினேன்.

சாயந்திரம் பெருமாள் வந்தார். ஃபேக்டரியில என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து சீட்.

"நக்கோ அண்ணி, அழாதீங்க. உங்க கைச் சாப்பாடு தின்ன உடம்பு, தேறிடும். மாசா மாசம் முதல் வெள்ளிக்கு முன்னாடி புதனும் வியாழனும் அவர் கேரியர் எனக்குத்தானே வரும்."

"அவர் என்ன சாப்பிடுவார்?"

"ஒண்ணும் இல்லை. ரெண்டு நாளும் போவன்பள்ளியிலயே பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் நடப்பார். வெள்ளிக்கிழமை கல்பகம் டெஸ்ட் எடுப்பா, அவ பாஸாகணும்னு சொல்லுவார்."

ஐயோ. ராத்திரி மோர் போதும்னு அவர் சொன்னப்பல்லாம், கேன்டீன்ல எதையோ தின்னுட்டு வந்திருக்கார்னு நினைச்சு நான் திட்டியிருக்கேன். உணர்ச்சியில்லாத காலோட அவ்வளவு தூரம் நடந்திருக்கார், பாவி மனுஷன். ஒரு எலி கூட எனக்காகப் பட்டினி கிடக்கலை. அதனாலதான் அதுங்க உண்மையைச் சொல்லிச்சு.

முழங்காலுக்குக் கீழே எடுக்கணும்னு டாக்டர் பேப்பரை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். எடுத்தாங்க. நாலாம் நாள், விஷம் மேல ஏறிடுச்சு, இனி எங்க கையில இல்லைன்னு சொல்லிட்டாங்க.

மறுநாள் காலையில போனேன். முந்தின ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில குடுத்த ரொட்டி, கட்டில் பக்கத்து மேசை டிராயர்ல காகிதத்துல சுத்தி அப்படியே இருந்தது. அவருக்குக் கண்ணைத் திறக்கவே கஷ்டமா இருந்தது.

"இன்னிக்கு முதல் வெள்ளி இல்லையா கல்பகம்? பாரு"ன்னு விரலை நீட்டினார்.