கடலெல்லைக்கு வெளியே ஒரு லின்ஃபீல்ட் வீடு

"கயிறு போட்டிருக்கினம், பிடிச்சுக்கொண்டு இறங்குங்கோ எண்டுதானே—"

"நான் வரேல்லை. நீர் முதலில அந்த மனுசரை—"

"—தொண்டை கிழியக் கத்துறன், இறங்குங்கோ—"

"—அந்த மனுசரைக் கதவுக்கு அடிக்க வேண்டாமெண்டு சொல்லும். பெயின்ட் போகுது."

மீட்புப் படகில் நின்று தாரிணியும், ஹோல் ஜன்னலில் நின்று அவள் கணவர் குலசிங்கமும் இப்படிச் சண்டை பிடித்தபோது, லின்ஃபீல்ட் என்ற புறநகரில் இருந்த அவர்களுடைய வீடு மனுகாவ் குடாவின் நடுவே மிதந்துகொண்டிருந்தது. ஜனவரி வெள்ளத்தில் மரக்கால்களை விட்டுக் கழன்று, ஓடை வழியே இறங்கி, ஒரு வேலியையும் சாய்க்காமல் கடலுக்கு வந்த வீடு. வெளியேறச் சொல்லி ஃபோன்கள் அலறியபோது தெருவே புறப்பட்டது. குலசிங்கம் மட்டும் சோபாவை விட்டு எழவில்லை. தொண்ணூற்றைந்தில் யுத்தம் நெருங்கியபோது, இரண்டு நாளில் திரும்பலாம் என்று சொன்னவர்களை நம்பி, அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர் அவர். அந்த வீட்டைப் பிறகு காணவில்லை. வீட்டை விட்டு இறங்கும் பிழையை இரண்டாம் தரம் விடமாட்டேன் என்றார்.

விருப்பமில்லாதவரை இழுத்து வரப் படகுக்காரர்களுக்கு மேலிடத்து உத்தரவு வேண்டியிருந்தது. உத்தரவு வந்து சேர்வதற்குள் வீடு நாட்டின் கடலெல்லையைத் தாண்டி, நங்கூரம் எதுவும் இல்லாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. எப்படி நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய பொறுப்பு என்றுதான் கேட்டார்கள். எல்லைக்கு வெளியே இருப்பது வெளிநாடு என்றது நகரத்தின் அவசரகால அலுவலகம். வாசலில் நகரசபைக் குப்பைத்தொட்டி நிற்கிற இடம் எப்படி வெளிநாடாகும் என்றது வெளியுறவு அலுவலகம். நகரத்துக்குள் மவுண்ட் ஆல்பர்டில் வாடகைக்கு ஓர் அறை எடுத்த தாரிணி, இரண்டுக்கும் நடுவே ரயிலேறி அலைந்தாள்.

கூரையில் சோலார் இருந்ததால் அவருடைய ஃபோன் உயிரோடு இருந்தது. சிக்னல் எப்படி எட்டியது என்று கம்பனிக்கும் தெரியாது. முதல் குளிர்காலத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை கழன்று போனது. அடுத்ததில் படுக்கையறை. அன்றைக்குத்தான் குலசிங்கம், வருகிறேன் என்றார். தாரிணி அவசரகால அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே ரஷ்மி என்று ஒரு சென்னைப் பெண் வேலை பார்த்தாள்.

"அக்கா, அவர் நாட்டை விட்டுப் போயிட்டதா பதிவாயிருக்கு. ரெசிடென்ட் விசால பயண அனுமதியும் முடிஞ்சிருக்கு. திரும்ப வரணும்னா வெளியில இருந்து புதுசா அப்ளை பண்ணணும்."

"அவர் ஒரு இடமும் போகேல்லைப் பிள்ளை. வீட்டிலதான் இருக்கிறார்."

நானே படகு பிடித்துக் கூட்டி வருகிறேன் என்றாள் தாரிணி. அது ஆட்கடத்தல், உள்ளே போட்டுவிடுவார்கள் என்று ரஷ்மி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். விசாவுக்குப் போட்ட விண்ணப்பம், வசிக்கும் நாட்டுக்குப் பெயர் இல்லாததால் திரும்பி வந்தது.

மூன்றாம் ஆண்டு அரசின் கொள்கை தெளிவானது. வீடு ஓர் அயல்தேசம். குலசிங்கம் அதன் தலைவர். கடற்படைக் கப்பலில் தூதுக்குழு போனது. நல்லுறவின் அடையாளமாகத் தார்ப்பாயும் டின் மீனும் கொடுத்து, குசினியில், அடுப்புப் பக்கமாக மிச்சமிருந்த பாதியில் நெருக்கி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் ஏற்றுங்கோ என்று குலசிங்கம் அதிகாரியின் கோட்டைப் பிடித்தார். ஒரு நாட்டின் தலைவரை முறையான அழைப்பில்லாமல் கொண்டுபோவது உறவைக் கெடுக்கும் என்று சொல்லி, அதிகாரி மரியாதையாக அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அழைப்பு அனுப்புவது வேறு பிரிவின் வேலை.

இப்போது வானிலை அறிக்கையில் வீட்டுக்கும் காற்றின் வேகம் சொல்கிறார்கள். மீன்பிடிப் படகுகள் அதை இடப்பக்கம் விட்டுத் திரும்புகின்றன. பள்ளிக்கூட வரைபடத்தில் அது ஒரு புள்ளி. போன சனிக்கிழமை காலை, தென்மேற்குக் காற்று பலம் என்று அறிக்கை வந்து சற்று நேரத்தில், தாரிணியின் ஃபோன் அடித்தது. பலகை முறிகிற சத்தத்துக்கு மேலாக அவருடைய குரல் கேட்டது. அவர் கத்தவில்லை.

"ஹோல் சுவரும் போகுது. இப்ப நான் ஆருக்கு அடிச்சுச் சொல்லுறது, தாரிணி?"