தரினா எழுதாத சோதனை

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் இருந்த அந்தச் சலவை லோன்றியில் ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் குணவதி, மறு பக்கம் உக்ரேன்காரி ஹலினா. இரண்டு பேருடைய ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஒரு ஆளுக்குக் காணாது. என்றாலும் மூன்று வருசமாகக் கதைத்துக்கொண்டுதான் நின்றார்கள்.

ஹலினாவின் மகள் தரினா பகலில் இங்கே பள்ளிக்கூடம் போனாள். வீட்டுக்கு வந்து கம்பியூட்டரில் உக்ரேன் பள்ளிக்கூடத்தையும் படித்தாள். அங்கே பல்கலைக்கழகம் போவதற்கான கடைசிச் சோதனையை ரொறன்ரோவிலேயே, அவளுடைய மொழியிலேயே எழுதலாம் என்று வசந்தத்தில் அறிவித்தல் வந்தது. ஒரேயொரு நாள். தவறினால் அடுத்த வருசம்தான். உக்ரேன் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

பாஸ்போர்ட் என்றதும் குணவதி விரிப்பைக் கையிலிருந்து விட்டாள்.

"விசரே உனக்கு? உங்கட அரசாங்கத்தின்ர சோதனைக்கோ? பிள்ளை அதுக்குப் போய் இருந்தால் உங்கட கேஸ் போச்சு."

அவளுடைய தம்பி ஜனார்த்தன் தன் அகதி வழக்கு முடியுமுன் இலங்கைத் தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவன். அந்த அரசாங்கத்துக்குப் பயம் என்கிறாய், பிறகு ஏன் அதன் வாசலுக்குப் போனாய் என்று விசாரணையில் கேட்டார்கள். வழக்கைத் தள்ளினார்கள். பிளேன் ஏற்றி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கிய பிறகு அவனைக் கண்டவர் இல்லை. குணவதி இதைப் பாதி வாயாலும் பாதி கையாலும் சொல்லி முடித்தபோது ஹலினாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

தரினா சோதனைக்குப் போகவில்லை.

இரண்டு கிழமை கழித்து, வக்கீல் ஒருவரிடம் வேலை செய்கிற மகள் நிலக்சியிடம் குணவதி இதைப் பெருமையாகச் சொன்னாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? அவை ரெஃபியூஜியே இல்லை, விசாவில வந்தவை. எக்ஸாம் எழுதினால் ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம். உங்களிட்ட ஆர் அட்வைஸ் கேட்டது?"

"மாமாக்கு நடந்தது தெரியாதே உனக்கு?"

"மாமான்ர கேஸ் வேற, இது வேற."

மறுநாள் காலையில் கையுறையைக்கூடப் போடாமல் ஹலினாவை லொக்கர் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள் குணவதி. "நான் சொன்னது பிழையாம். உன்ர பிள்ளையின்ர வாழ்க்கையில மண்ணைப் போட்டிட்டன்."

ஹலினா சப்பாத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "தெரியும்."

"என்ன தெரியும்?"

"சோதனைக்கு முதலே சேர்ச்சில ஒரு வக்கீலிட்டக் கேட்டனான். ஒரு பிரச்சினையும் இல்லையெண்டவர்."

"பிறகேன்டி அனுப்பேல்லை?"

"பாஸ் பண்ணினால் செப்டெம்பரில கார்கிவுக்குப் போயிடுவாள். அங்க ஒவ்வொரு நாளும் குண்டு. நான் வேண்டாமெண்டால் கேக்கமாட்டாள். உன்ர தம்பியின்ர கதையைச் சொன்னன், அழுதுகொண்டு இருந்திட்டாள்."

"என்ர தம்பியை வைச்சோ?"

"உன்ர பிள்ளையெண்டால் நீ என்ன செய்வாய்?"

குணவதி கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு மெஷினடிக்குப் போனாள். அன்று முழுக்க இருவரும் ஒரு சொல் பேசாமல் விரிப்புக் கொடுத்தார்கள்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் தரினா நின்றாள். நேரே குணவதியிடம்தான் வந்தாள்.

"அன்ரி, என்னோட படிச்ச மூண்டு பேர் எழுதிப்போட்டினம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. நீங்கள் சொன்னது உண்மையோ?"

அவளுக்குப் பின்னால் ஹலினா வந்து நின்றாள். கண் குணவதியைக் கெஞ்சியது.

"உண்மைதான்," என்றாள் குணவதி. "அவைக்கும் நடக்கும். இருந்து பார்."

பெட்டை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கட தம்பி செத்ததுக்கு என்னை ஏன் இங்க மறிச்சு வைச்சிருக்கிறியள்?"

ஹலினா மகளைத் தோளில் பிடித்துப் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்ததும் தாயும் மகளும் ஏறினார்கள். அதில் நிறைய இடம் இருந்தது. குணவதி ஏறவில்லை. அடுத்ததற்குப் பதினேழு நிமிசம்.