தொண்ணூற்றாறு காலடி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு யோசெப்பின் ஒரு வெள்ளைத் தலையணை உறையை அயன் பண்ணிக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டில் தலையணை உறைக்கு அயன் பிடிக்கும் வழக்கம் கிடையாது. என்னுடைய சேட்டைக்கூட நான்தான் அயன் பண்ண வேண்டும். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றி இறக்குகிறவனுக்கு மடிப்புக் கலையாத சேட்டு என்னத்துக்கு என்பது அவளுடைய கட்சி. அப்படிப்பட்டவள் அந்த உறையின் நாலு மூலையையும் இழுத்து இழுத்து அழுத்திக்கொண்டு நின்றதைத் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"கம்பில கட்ட. இண்டைக்கு பிறேக் பாக்கிறம். நீங்கள் காரை எடுங்கோ."

கோப்பையை வைத்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தேன். பதினைந்து வருசத்துக்கு முன்னால், மன்னாரில், அவளுடைய அண்ணன் கிறகரியின் கையில் இருந்ததும் ஒரு வெள்ளைத் தலையணை உறைதான்.

யோசெப்பினுக்கு வேலை மொன்றியல்-நோரில் ஒரு சின்னப் பட்டறையில். லொறிகளுக்கும் பள்ளிக்கூட பஸ்களுக்கும் தேய்ந்துபோன பிறேக்கில் புதுத் தகடு வைத்து ஆணி அறைவது. பத்து வருசமாக அதே மேசை, அதே சுத்தியல். போன வருசம் வைகாசியில் றெஜான் என்ற ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் ஒருவர் வளைந்த இரும்புப் பட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே வந்திருக்கிறார். மேசை கொள்ளாத பட்டி. எந்த பஸ்ஸினுடையது என்று இவள் கேட்டிருக்கிறாள். பஸ் இல்லை மடாம், டாங்கி என்றாராம் அவர். உலக யுத்தக் காலத்தில் இதே மொன்றியலில் செய்த டாங்கி. முப்பது தொன் இரும்பு. அதை எங்கேயோ ஒரு காட்டோரத்திலிருந்து இழுத்து வந்து, இல்-பிசாரில் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டு, மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார். சிலர் முத்திரை சேர்ப்பார்கள், சிலர் தக்காளி நடுவார்கள். இந்த நாலு மனிசருக்கும் பொழுதுபோக்கு இது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சோற்றைப் பிசையாமல் இருந்தாள்.

"டாங்கியை நிப்பாட்டுற சாமான் என்ர மேசையில கிடக்கு," என்றாள். "சனிக்கிழமை என்னை இல்-பிசாருக்குக் கொண்டுபோய் விடுங்கோ. அந்தப் பக்கம் பஸ் ஒழுங்கா இல்லையாம்."

ஒருதரம் போய்ப் பார்ப்பாள், காறித் துப்பிவிட்டு வருவாள் என்றுதான் நினைத்தேன். பதினாறு மாதம் போனாள். பனி கொட்டினாலும் போனாள். தனித்தனி வீடுகளும் பெரிய மரங்களும் உள்ள அந்த அமைதியான தீவில், கொட்டகை வாசலில் காரை நிறுத்தி, தமிழ் வானொலி போட்டுக்கொண்டு நான் இருப்பேன். உள்ளே அவள் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தக் கறள் பிடித்த மிருகத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பாள். மற்ற நாலு பேருக்கும் அதன் நிறத்தில் ஆசை, பீரங்கிக் குழாயில் ஆசை, எஞ்சின் முழங்குவதில் ஆசை. இவளுக்கு இரண்டே இரண்டு சாமானில்தான் கண். ஒன்று பிறேக். மற்றது, சாரதி மூடியை மூடிக்கொண்டு இருக்கும்போது வெளியே பார்ப்பதற்கு இருக்கிற கண்ணாடி. உள்ளங்கை அகலம்தான் வரும் அது. அதை எத்தனை முறை துடைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? பூசை முடிந்து கோவில் வாசலில் அரியரத்தினம் என் தோளில் தட்டினான். "என்னடாப்பா, நாங்கள் டாங்கிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், உன்ர மனிசி அதுக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறாவாமே!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததற்காக வீடு வரும்வரை என்மேலேயே எனக்கு எரிச்சல்.

மாரி தொடங்கிய பிறகு காரில் குந்தியிருக்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு எனக்கும் ஒரு வேலை தந்தார்கள். அந்த எஞ்சினைக் கிளப்ப முன்னம் பின்பக்கத்தில் ஒரு பெரிய கைப்பிடியைக் கொழுவி ஐம்பது தரம் சுற்ற வேண்டும். கீழ்ச் சிலிண்டர்களில் ஊறி நிற்கிற எண்ணெய் கலைய வேண்டுமாம், இல்லாவிட்டால் எஞ்சின் உடைந்து போகும். அவளும் நானும்தான் சுற்றுவோம். பிரெஞ்சில் எண்ணினால் எனக்கு எழுபதில்தான் குழம்பும் என்று பெயர், ஆனால் முப்பதிலேயே குழம்பியது. ஆகவே அவள் செபமாலையில் எண்ணத் தொடங்கினாள். ஒரு சுற்றுக்கு ஒரு அருள்நிறை மந்திரம், ஐந்து பத்து. றெஜான் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்த மாரியில் ஒருநாள் திரும்பி வரும் வழியில்தான் கேட்டேன். எவ்வளவு நாள் இதுக்குள் கிடக்கப் போகிறீர், என்னதான் தேடுகிறீர் என்று.

"தெரியேல்லையெண்டு எழுதினவங்கள்," என்றாள். "நிப்பாட்ட ஏலேல்லையெண்டு எழுதினவங்கள். ரெண்டையும் பாக்கலாம் தானே."

எனக்கு ஸ்ரியறிங் வழுக்கியது.

நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு மாதம். ஆமி வருகிறதென்று ஊர் ஓடிவிட்டது. மாமி, யோசெப்பினின் அம்மா, பாரிசவாதத்தில் படுத்த படுக்கை, ஆகவே நாங்கள் ஓடவில்லை. ஒழுங்கை முடக்கில் டாங்கி திரும்பும் சத்தம் கேட்டதும் கிறகரி மாமியின் தலைக்குக் கீழிருந்த தலையணையை எடுத்து உறையை உருவினார். வீட்டில் ஆள் இருக்கிறது என்று காட்டிவிட்டு வாறன் என்றார். நான் கொல்லைப் பக்கம் மாமியைத் தூக்கிக்கொண்டு போனேன். யோசெப்பின் யன்னலில் நின்றாள். டாங்கி, சைக்கிள்காரன் ஆறுதலாக மிதிக்கிற வேகத்தில்தான் வந்தது என்று அவள் சொல்வாள். அது நிற்கவில்லை.

அடுத்த நாள் உடலைத் தருவதற்கு முகாமில் ஒரு கடதாசி நீட்டினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழி. சாரதிக்கு ஆள் தெரியவில்லை, வாகனத்தை நிறுத்த இயலவில்லை என்று எழுதியிருக்கிறது, குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஒருவன் வாயால் சொன்னான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வைத்தேன். வேறென்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடதாசியிலிருந்ததை நானே நம்பத் தொடங்கினேன், அதுதான் என் பிழை. கேட்டவர்களுக்கெல்லாம் "அவனுக்குத் தெரியேல்லையாம், பாவம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொன்னால் நித்திரை வந்தது. அந்தப் பேச்சு வந்தாலே யோசெப்பின் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

"அது வேற டாங்கியப்பா," என்றேன் காரில்.

"இது அதைவிடப் பழசு. பழசிலயே ஆள் தெரிஞ்சு, பழசே நிண்டால்?" பாலம் தாண்டியதும் கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "நீங்கள் கையெழுத்து வச்சனீங்கள். நான் வைக்கேல்லை."

அதன் பிறகு அவள், ஊரில் இன்னும் இருக்கிற சின்னையாவின் மகனை மூன்று ரெலிபோன் காட் முடித்துப் பிடித்தாள். ஒழுங்கை முடக்கிலிருந்து எங்கள் கேற் இருந்த இடம்வரை நடந்து எண்ணச் சொன்னாள். அவன் விசர் பிடித்துவிட்டதா என்று கேட்டிருப்பான், ஆனாலும் நடந்தான். தொண்ணூற்றாறு காலடி. சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. அடுத்த கிழமை அந்தப் பக்கம் போக முடிந்திருக்காது.

இப்போது, 2006 செப்ரெம்பரில், கொட்டகைக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் அதே தொண்ணூற்றாறு காலடியை அவள் நடந்து அளந்து, முடிவில் கம்பை ஊன்றித் தலையணை உறையைக் கட்டினாள். அடுத்த மாதம் பொதுமக்கள் பார்க்க வருகிற நாளுக்கு முன்னம் பிறேக்கைச் சோதிக்க வேண்டும் என்பது றெஜானின் தேவை. பட்டிக்கு ஆணி அறைந்தவளே முதல் ஓட்டட்டும் என்று அவரே சொல்லியிருந்தார். அதற்காக நாலு சனிக்கிழமை ஒரு பழைய ட்ராக்டரில் அவளைப் பழக்கி எடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் மேலே, டாங்கியின் பீரங்கிக் கோபுரத்து மூடியைத் திறந்து தலையை நீட்டிக்கொண்டு நின்றார். யோசெப்பின் முன்னால் கீழே இறங்கி, மூடியை இழுத்து மூடினாள். கண்ணாடி மட்டும் தெரிந்தது.

நாங்கள் ஐம்பது சுற்றிய எஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. டாங்கி புல்லை உழுதுகொண்டு போய், கம்புக்கு ஒரு ஆள் நீளம் இருக்க நின்றது. மற்றவர்கள் கை தட்டினார்கள். யோசெப்பின் மூடியைத் திறந்து வெளியே வந்தாள். முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

"காத்து இல்லை. துணி தொங்கிக்கொண்டு நிக்குது," என்றாள் என்னிடம். "அண்ணா ஆட்டினவர். கம்பு வேற, மனிசன் வேற எண்டு சொல்லுவாங்கள்."

யார் சொல்லுவார்கள்? இந்தத் தீவில் அவளிடம் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் சொன்னது சரி. நானே சொல்லியிருப்பேன். கட்டிலில் புரண்டு படுத்துக்கொண்டு, அது கம்புதானே என்று எனக்கு நானே சொல்லி நித்திரை கொண்டிருப்பேன். பதினைந்து வருசமாகப் பழகிய கை.

போய்க் கம்பைப் பிடுங்கினேன்.

றெஜான் மேலேயிருந்து கத்தினார். கியூபெக்காரரின் தூசணமெல்லாம் கோவில் சாமான்களின் பெயர்தான், அவர் ஒரு பீடத்தையே காலி பண்ணினார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நான் நிற்கப் போகிறேன், அவளை நம்புகிறேன் என்று சொன்னேன். அவர் யோசெப்பினைப் பார்த்தார். யோசெப்பின் என்னைப் பார்த்தாள்.

"பயமெண்டால் விடுங்கோ."

"பயம்தான்," என்றேன். "எண்டாலும் நிக்கிறன்."

கம்பு நின்ற இடத்துக்குப் பின்னால் இருபது காலடி தள்ளி நிற்க வேண்டும், கம்பு பிடுங்கிய குழியைத் தாண்டி வண்டி வந்தால் உடனே பக்கத்தில் பாய வேண்டும் என்று றெஜான் இரண்டு தரம் சொன்னார். தலையாட்டினேன். வண்டி பின்னால் போய்த் திரும்பும் இடைவெளியில், கம்பு நின்ற குழியிலேயே போய் நின்றேன்.

வந்தது. முதலில் காலுக்குக் கீழேதான் தெரிந்தது, பிறகுதான் காதுக்கு. நான் உறையைத் தலைக்கு மேல் ஆட்டினேன். உள்ளே இருக்கிறவளின் முகம் தெரியாது, ஒரு கறுத்த கண்ணாடிக் கீற்று மட்டும். யோசெப்பின்தான் உள்ளே என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உறையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கிறகரி ஏன் பக்கத்தில் பாயவில்லை என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், ஒருதரம் அவர்மேல் கோபப்பட்டும் இருக்கிறேன். அங்கே நின்றபோதுதான் விளங்கியது. வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன், நிற்கும் என்றுதான் கடைசிவரை நினைப்பான். அந்தக் கண்ணாடி என்னைப் பார்க்கிறது என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சங்கிலிகள் கிறீச்சிட்டன. டாங்கி முன்பக்கம் ஒருதரம் குனிந்து நிமிர்ந்து நின்றுவிட்டது.

றெஜான் மேலே திரும்பவும் பீடத்தைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். மூடி திறந்தது. யோசெப்பின் இறங்கி வந்தாள். என்னிடம் வருவாள் என்று பார்த்தேன். இல்லை, கோட்டுப் பையிலிருந்து இரும்பு அளவு நாடாவை எடுத்து அதன் கொழுக்கியைச் சங்கிலியில் மாட்டினாள். நாடாவை இழுத்துக்கொண்டு, குனிந்தபடியே, என் சப்பாத்து நுனிவரை வந்தாள்.

"பிடியுங்கோ," என்றாள்.

குனிந்து பிடித்தேன். நாடா வெயிலில் மினுங்கியது. அவள் இலக்கத்தை வாசித்தாள். பதினொரு அடி.

மற்றப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் திறந்து, டாங்கியின் முன் தகட்டின் மேல் வைத்து எழுதினாள். எழுதி முடித்துத் தன் பெயரைப் போட்டாள். பிறகு பேனையைக் கொப்பிக்கு நடுவில் வைத்துவிட்டு, என் கையிலிருந்த தலையணை உறையை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

மேலே தேதி. தொண்ணூற்றாறு காலடியில் துணி தெரிந்தது. தொண்ணூற்றாறு காலடியில் ஆள் தெரிந்தது. பதினொரு அடி இருக்க நின்றது. சாரதிக்கு ஆள் தெரியும். நிறுத்த ஏலும். கீழே யோசெப்பின் என்ற கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு.

இரண்டு தரம் வாசித்தேன். என்னுடைய மொழி, ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. எஞ்சின் இன்னும் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது, தகட்டின் மேல் பேனை மெல்ல மெல்ல உருண்டு விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. விழுவதற்கு முன் எட்டிப் பிடித்தேன். இரும்பு சூடாக இருந்தது. இடக் கையால் கொப்பியை அழுத்திக்கொண்டு, நீக்கிலாப்பிள்ளை மரியதாசன் என்று முழுப் பெயரையும் எழுதத் தொடங்கினேன்.