கோடிப் புடவை வரும் வழி

சிந்துஜா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அண்ணனுடைய பைக்கின் ஹேண்டில்பார் ஹோல்டரில் தன் போனைச் செருகி, கருவடிக்குப்பம் மயானம் என்று தட்டினாள். பத்தொன்பது நிமிடம் என்றது. மணி மூன்று இருபது. நாலரைக்குள் அம்மாவை எடுத்தாக வேண்டும். மயானத்தில் ஐந்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், விட்டால் மறுநாள்தான். முதலியார்பேட்டை வீட்டின் கூடத்தில், முப்பது வருடம் மில்லில் ஷிப்டு பார்த்த அம்மா செல்வாம்பாள் ஐஸ்பெட்டிக்குள் ஒருவழியாகக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்தால்தான் குளிப்பாட்டலாம். அதைக் கொண்டுவர வேண்டிய தாய்மாமன் கலியபெருமாள் காலை பத்து மணிக்குப் பாகூரிலிருந்து கிளம்பியவர். முக்கால் மணி நேரப் பயணம். இன்னும் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பது ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் தெரிந்தது. காலையில் அண்ணன் பிரேம்குமார் போன் செய்தபோது மாமா லொகேஷன் அனுப்பு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வீட்டை அவர் பார்த்ததே கிடையாது. அழுதுகொண்டே அண்ணன் அனுப்பியது வீடு இருக்கும் இடத்தை அல்ல, தன் போன் இருக்கும் இடத்தை, எட்டு மணி நேரத்துக்கு. அப்புறம் போனுக்குக் கால் முளைத்துவிட்டது. ஆதார் நகலெல்லாம் அதில் இருக்கிறதென்று நண்பன் இளம்பரிதி வாங்கிக்கொண்டு பூக்கடைக்குப் போனான், நகராட்சி ஆபீஸுக்குப் போனான், மயானத்துக்குப் போய்ப் பதிவும் செய்தான். சார்ஜ் தீரப் போகிறது, எப்படியும் ஐந்து மணிக்கு இங்கேதானே வரப் போகிறோம் என்று அங்கே ஆபீஸிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்துவிட்டான். வந்தவன் தண்ணீர் குடித்துக்கொண்டே, போகிற இடமெல்லாம் ஒரு பெரியவர் பைக்கில் மஞ்சப்பையை மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டே தன் பின்னால் வந்தார் என்று வேடிக்கையாகச் சொன்னான்.

சிந்துஜா அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தாள். மாமாவின் நம்பர் 'அண்ணன்' என்று இருந்தது. அடித்தாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. போன் கிடக்கும் மயானத்தில்தான் மாமா நிற்பார். கொள்ளி வைக்க வேண்டிய பிரேம்குமார் வீட்டைவிட்டு நகரக்கூடாது. இளம்பரிதி எழுந்தான்.

"நீ உக்காரு. அவரு கோவப்பட்டது என் விசேஷத்துல. நான் போறேன்" என்றாள் சிந்துஜா.

தெருப் பெரியவர் இராமதாஸ், பொம்பளைப் பிள்ளை அங்கெல்லாம் போவதா என்று ஆரம்பித்தார். காலையிலிருந்து பெட்டியருகிலேயே உட்கார்ந்திருந்த அப்பா புருஷோத்தமன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

"போவட்டும். மச்சான் வராம எடுக்க மாட்டேன்."

இதே அப்பாதான் பதினோரு வருடத்துக்கு முன் அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாவில், நல்ல நேரம் போகிறது, ஆரம்பியுங்கள் என்றவர். பஸ் கிடைக்காமல் அரைமணி தாமதமாக வந்த தாய்மாமன், சடங்கு முடிந்துவிட்டதைப் பார்த்துச் சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதோடு சரி.

கடலூர் சாலையில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பத்தொன்பது இருபத்தாறாயிற்று. வெயில் திரையில் அடித்து, எந்தக் கோடு சாலை, எந்தக் கோடு கீறல் என்றே தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் காதில் ஒரு பெண், இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும் என்றாள். திரும்பினால் காய்கறி வண்டிகள். அவற்றுக்கு நடுவே பைக்கை நுழைத்தபோது ஒரு கத்தரிக்காய்க் கூடை ஆடியது. திட்டு விழுவதற்குள் அவள் அடுத்த தெருவில் இருந்தாள். ஒருவழிப் பாதை என்று போர்டு சொன்னது, போ என்று காதில் குரல் சொன்னது. போலீஸ்காரர் யாரும் இல்லாததால் குரலைக் கேட்டாள். இருபத்தாறு பதினான்காகக் குறைந்தது, பதினொன்றானது. சிந்துஜாவுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று ஏறியது. காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த அழுகை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அம்மா செத்துக் கிடக்கும்போது இப்படி இருக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டேதான் இருந்தது.

அவள் வீட்டுப் பெண்கள் யாரும் தாண்டியிராத மயான வாசலை அவள் பைக்கிலேயே தாண்டினாள். புகைபோக்கியில் புகை போய்க்கொண்டிருந்தது. தகனக் கூடத்தின் முன்னால் ஏழெட்டுப் பேர். நடுவே சிமெண்டுப் பெஞ்சில், மடியில் மஞ்சப்பையும் கையில் பாதி சோடாவுமாகக் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். திரையில் அண்ணன் போனைக் காட்டிய புள்ளி இங்கே வந்து நின்றதும் மாமாவும் வந்து நின்றிருக்கிறார். யாரை எடுத்தீர்கள் என்று கேட்க, வயதான அம்மா, இப்போதுதான் உள்ளே போனது என்றிருக்கிறார்கள். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. எல்லாம் மாப்பிள்ளை வீட்டுச் சனம் என்று நினைத்துக்கொண்டார். எனக்காக அரைமணி நேரம் காத்திருக்கக்கூடாதா என்று அவர் போட்ட சத்தத்தில், அந்தக் குடும்பத்தார் இவர் தங்களுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்து, தப்புதான் என்று கையைப் பிடித்துக்கொண்டு சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

சிந்துஜா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவளைப் பதின்மூன்று வயதில் பார்த்தது.

"மறுபடியும் என்ன உட்டுட்டு ஆரம்பிச்சிட்டீங்களே, பாப்பா" என்றார்.

"ஆரம்பிக்கல மாமா. இது வேற யாரோ. அம்மா வீட்லதான் இருக்குது."

அவருக்கு விளங்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். பெட்டியிலிருந்துகூட இன்னும் இறக்கவில்லை, உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறோம், அப்பாவே சொல்லிவிட்டார் என்றாள்.

"இருக்குறாளா?"

"இருக்குது மாமா."

கலியபெருமாள் துள்ளி எழுந்தார். சோடா வேட்டியில் கொட்டியது. "என் தங்கச்சி வீட்டுலதான் இருக்குறாளாம்" என்று முதுகைத் தடவிக்கொடுத்தவரிடம் சொன்னார். அவர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலே அந்த மனிதரும் சந்தோஷம் என்றார். சிந்துஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

சுடுகாட்டுக்கு வந்த துணியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவதில்லையே என்று மயான ஆபீஸ்காரர் தயங்கினார். இதே புடவை ஐந்து மணிக்கு அம்மாவோடு இங்கேதான் வரப்போகிறது என்று சிந்துஜா சொன்னதும், அதுவும் சரிதான் என்று பிரேம்குமாரின் போனை எடுத்துக் கொடுத்தார். மாமா வண்டி ஓட்டும் நிலையில் இல்லை. அவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள்.

திரும்பும்போது வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். அஜந்தா சிக்னலில் நின்றபோது மட்டும் குனிந்து அவள் காதருகில் பேசினார்.

"அவ நம்பர்லேருந்து போன் வந்துது."

"நான்தான் மாமா அடிச்சேன்."

"தெரியும். எடுக்க முடியல."

பச்சை விழுந்தது. அவள் வண்டியை எடுத்தாள்.

தெருமுனையிலேயே பறைச் சத்தம் கேட்டது. பந்தலுக்கு வெளியே நின்ற பெண்கள் பைக்கைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்கள். அப்பா எழுந்து வாசலுக்கு வந்து நின்றார். இன்னும் நாலு வீடுதான் இருந்தது. மாமா அவள் தோளை அழுத்தி நிறுத்தச் சொன்னார்.

இறங்கினார். மஞ்சப்பையை அவளிடம் கொடுத்தார். பாகூரிலிருந்து பூக்கடை, நகராட்சி, மயானம் என்று சுற்றிய புழுதியெல்லாம் தலையில் அப்பியிருந்தது. பைக்கின் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பி, சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து வாரத் தொடங்கினார்.

"மணி நாலே கால் ஆவுது மாமா."

"இதோம்மா" என்றார். வகிடு கோணலாக விழுந்திருந்தது. கலைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார்.