படகுத்துறையில் பச்சை விளக்கு

தண்ணீருக்குள் விளக்கு போட்டால் மீன் வரும் என்று தம்பி சொன்னபோது தையல்காரம்மா நம்பவில்லை. அவன் எலக்ட்ரீஷியன்தான். ஆனால் தெருவே அவனை ‘ஷாக்கு’ என்று கூப்பிடுவது காரணமில்லாமல் இல்லை. அவன் பழுது பார்த்த மிக்ஸி ஒன்று, சுவிட்சைப் போடாமலேயே சுற்றுவதாகப் பக்கத்து வீட்டில் இன்னமும் பேச்சு.

ஆனாலும் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் மாடியை விட்டு இறங்கி மாதக்கணக்காகிவிட்டது.

அவர் படகு இன்ஜின் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் ஆறு, ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சொந்தப் படகுத்துறை. வேலை முடிந்து கையில் ஒட்டிய கிரீஸைக்கூட முழுசாகக் கழுவாமல் தூண்டிலோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. அப்படிப்பட்டவர் ஒருநாள் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாகப் படி ஏறி இறங்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. மனுஷனுக்குத்தான் மனசு வரவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். “அந்தப் பலகையில இனி கால் வைக்க மாட்டேன்” என்றார். அதோடு விட்டாரா? இந்த ரூமில் யாரும் மீன் பேச்சே எடுக்கக்கூடாது என்று சட்டமும் போட்டுவிட்டார்.

இப்படியே விட்டால் இவர் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார் என்று தையல்காரம்மாவுக்கு உள்ளூர நடுக்கம். எப்படியாவது அவரைக் கீழே இறக்கிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் நினைப்பு.

“அவரு மீன்கிட்ட போகலைன்னா மீனை அவருகிட்ட வரவழைப்போம்க்கா. ஜன்னல்லேர்ந்து பாத்தாலே போதும், மாமாவுக்குக் கை அரிக்க ஆரம்பிச்சிடும்” என்றான் ஷாக்கு.

முழங்கை நீளத்தில் ஒரு பச்சைக் குழல் விளக்கு. அடியில் ஈயக்கட்டி கட்டி, வயரைப் படகுத்துறைத் தூணோடு சேர்த்து இறுக்கி, விளக்கைத் தண்ணீருக்குள் இறக்கினான். இருட்டியதும் சுவிட்சைப் போட்டான். கறுப்பாகக் கிடந்த ஆறு சட்டென்று பச்சையாகிப்போனது. தூணில் ஒட்டியிருந்த பாசிகூடத் தனித்தனி நூலாகத் தெரிந்தது. கண் இமைக்காமல் ஊசியில் நூல் கோக்கிறவள், குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை பார்த்தாள். தூசி மாதிரி ஏதோ மிதந்தது, அவ்வளவுதான்.

“தூசி பாக்கவாடா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”

“அது தூசியில்லக்கா, பூச்சி. பூச்சி வந்தா பொடிமீன் வரும். பொடிமீன் வந்தா பெருசு வரும். ஒரே இடத்துல தினம் எரியணும், பொறுமையா இரு.”

அவன் சொன்னது பலித்தது. ஒரு சாயங்காலம் பொடிமீன்கள் கூட்டமாக வந்து விளக்கைச் சுற்றின. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்போது, ரவிக்கைக்குத் தைக்கும் ஜிகினாவை யாரோ கைநிறைய அள்ளி வீசியதுபோல் மின்னியது. தையல்காரம்மா சந்தோஷம் தாங்காமல் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

அப்போதுதான் மாடி ஜன்னலில் டொக் டொக் என்று சத்தம். கண்ணாடிக்குப் பின்னால் வீட்டுக்காரர் கைத்தடியை ஆட்டிக்கொண்டு நின்றார். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

“வெளிச்சம் கண்ணை உறுத்துது போலடா. அணைச்சிடு” என்றாள். விளக்கு அணைந்தது.

காலையில் டீ கொண்டுபோனபோது கேட்டாள். “ராத்திரி விளக்கு தொந்தரவா இருந்துச்சாங்க?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “ம்ம்” என்றார். அந்த ‘ம்ம்’மிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள் தான் பயந்ததையே எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே தடித்த கறுப்புத் துணியில் ஒரு தடுப்புத் தைத்து, வெளிச்சம் மாடிப்பக்கம் போகாதபடி துறையின் ஓரத்தில் கட்டினாள். அப்போதும் தட்டல் வந்தது. துணியை இரட்டையாக மடித்துத் தைத்தாள். தட்டல் இன்னும் பலமாக வந்தது. தட்டத் தட்ட இவர்கள் அணைத்தார்கள், அணைக்க அணைக்க அவர் தட்டினார்.

“மாமாவுக்கு இந்த வெளிச்சமே ஆகலக்கா. கழட்டிடலாம்” என்றான் ஷாக்கு. அவளுக்கு அழுகை முட்டியது. இன்னும் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுக் கழற்றலாம் என்றாள்.

அந்தக் கடைசி நாளில் என்றுமில்லாத அளவுக்குப் பொடிமீன் கூட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் அதிர்ந்தது. கண்ணாடி உடைந்துவிடுமோ என்று பயந்துபோய் அவளே எட்டி சுவிட்சை அணைத்தாள். மாடியில் ஏதோ தடாலென்று விழுந்தது. கதவு அறைபட்டது. பிறகு படிக்கட்டில் தடதடவென்று சத்தம். இருட்டில் துறைப் பலகை கிறீச்சிட்டது.

“அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்? தினம் அது வர்ற நேரமாப் பாத்து அணைக்கிறீங்க. போடுடா விளக்க.”

“எதுங்க வருது?”

“கொடுவா மீனு. இம்மாம் பெருசு. நடுவுலயே முறைச்சிட்டிருந்தா எப்படித் தெரியும்? பெருசு வெளிச்சத்துக்குள்ள வராதுடி. ஓரமா இருட்டுல நின்னுக்கிட்டு உள்ள இருக்கறதை நோட்டம் விடும். மேலேர்ந்து எனக்கு நல்லாத் தெரியுது. அந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாருன்னு தட்டித் தட்டிக் கையே வீங்கிப்போச்சு. இதுல நீ வேற கறுப்புத் துணியக் கட்டிப் பாதி ஆத்த மறைச்சிட்டே.”

“காலைல சொல்லியிருக்கலாமே?”

அவர் தொண்டையைச் செருமினார். “மீன் பேச்சு எடுக்கக்கூடாதுன்னு சொன்னவனே நான்தானே.”

“மாமா, நீங்க கீழ...” என்று ஷாக்கு ஆரம்பித்தான். அக்கா அவன் தொடையில் கிள்ளிய கிள்ளில் மிச்சத்தை விழுங்கிவிட்டு விளக்கைப் போட்டான். அவள் ஓடிப்போய்த் துணியை அவிழ்த்தாள்.

ஆறு மறுபடி பச்சையானது. “யாரும் ஆடாதீங்க” என்று அவள் தோளை அழுத்திப் பிடித்தார் அவர். பூச்சிகள் வந்தன. பொடிமீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வெளிச்சம் முடியும் இடத்தில் ஒரு கட்டை மிதந்தது. கட்டைதான் என்று அவள் நினைத்தாள், அது மெல்ல வாலை அசைக்கும்வரை.

தப்பென்று கைதட்டியதுபோல ஒரு சத்தம். பொடிமீன்கள் நாலாபக்கமும் சிதறின. தண்ணீர் அவள் முகத்தில் அறைந்தது. அவள் அலறிக்கொண்டு துள்ளினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பாத்தியா? நான் சொன்னேன்ல? பாத்தியா?” என்றபடி ஈரப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். பழக்கத்தில் கைத்தடியைத் தேடிக் கை துழாவியது. தடி இல்லை. மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். குனிந்து, பலகையின் மேல் நீட்டியிருந்த தன் கால்களைப் பார்த்தார்.

“நானா இறங்கி வந்தேன்?”

“பின்ன, நாங்களா தூக்கிட்டு வந்தோம்?” என்றாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. முகம்தான் ஏற்கெனவே நனைந்திருந்ததே, நல்லதாகப் போயிற்று.

வெளிச்சத்தின் ஓரத்தில் அந்தக் கட்டை மறுபடி வந்து நின்றது.

“உன் தம்பிய மேல போய் என் தூண்டில எடுத்துட்டு வரச் சொல்லு.”

“கைத்தடியையும் எடுத்துட்டு வரவா மாமா?” என்றான் ஷாக்கு.

“அது அங்கயே கெடக்கட்டும்” என்றார் அவர், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.