பகலில் தூங்குகிறவன் வீடு

பேக்கரியில் அவனுக்கு ராத்திரி வேலை. ஊரெல்லாம் எழுந்திருக்கும் நேரத்தில், தலையெல்லாம் மாவோடு வந்து விழுவான். பிழைக்க வந்த ஊரில் அவர்களுக்கு வாய்த்தது ஒரே அறை, நடுவில் ஒரு திரை. அவன் தூங்கினால்தான் மறுபடி சூட்டடுப்பு முன்னால் நிற்க முடியும் என்று, மனைவி சத்தத்தையே வீட்டை விட்டு விரட்டிவிட்டாள். குக்கர் கட்டிலுக்கு அடியில் போனது. டிவி படம் மட்டும் காட்டியது. அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் போனோடு மாடிப்படிக்குப் போனாள். குழந்தை வாயைத் திறந்தால் போதும், "உஷ்! அப்பா தூங்குறாரு." அப்படி ஒரு கரிசனம், புண்ணியவதிக்கு!

மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது; ஒரு வார்த்தை கிடையாது. வேண்டியதை விரலால் காட்டுவாள். அழுதால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் அழுவாள். சமத்து, சமத்து என்று இரண்டு பேரும் பூரித்துப்போயிருந்தார்கள். "இவளுக்குக் காது கேக்குதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்ட பிறகுதான் அவனுக்குப் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்கு ஒரே நினைப்பு. நாலு காசு பார்க்க வந்து பிள்ளையின் பேச்சைத் தொலைத்துவிட்டோமோ?

காது பரிசோதிக்கும் அம்மா விதவிதமாக ஒலி எழுப்பிப் பார்த்தாள். குழந்தை ஒன்றுவிடாமல் திரும்பியது.

"காது நல்லாவே கேக்குது. வேற குறை எதுவும் எனக்குத் தெரியல. வீட்டுல யாரு இவகிட்ட பேசுவீங்க?"

"யாருங்க பேசுறது? இவர் தூங்குவாரு," என்றாள் மனைவி.

"எழுந்ததுக்கப்புறம்?"

"வேலைக்குக் கிளம்பிடுவாரு."

"நல்லா இருக்கு போங்க! பேச்சே காதுல விழலேன்னா பாப்பா எப்படிப் பேசும்? பேசுங்க, பாடுங்க, சண்டைகூடப் போடுங்க. கொஞ்ச நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்."

அவனுக்குப் பாதி உயிர் வந்தது. வெட்கமும் கூடவே வந்தது. சொந்த ஊர் என்றால் அத்தை, சித்தி, பெரியப்பா என்று வீட்டில் வாய்க்குப் பஞ்சமே இருந்திருக்காது.

"இனிமே எனக்காக யாரும் வாயை மூட வேணாம்," என்றான். "நான் காதுல பஞ்சு வச்சுக்கறேன்."

அவ்வளவுதான். காய் நறுக்கினாலும் பேச்சு, துணி மடித்தாலும் பேச்சு. நம் பெண்டாட்டிக்கு இவ்வளவு வாயா என்று அவன் அசந்துபோனான். பஞ்செல்லாம் அவளிடம் பலிக்குமா? தூக்கம் கெட்டு வேலையில் கொட்டாவி விட்டான். ஆனால் நாள்தான் போனதே தவிர, மகள் வாய் திறக்கவில்லை. அவனுக்குப் பழைய பயம் மறுபடி பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு மத்தியானம் அரைத்தூக்கத்தில் இருந்தான். திரைக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது. "குடுடி அந்த டப்பாவை, மூடியை உடைச்சிடப் போற!"

டப்பாவை இரண்டு பேரும் இழுக்கும் சத்தம். உடனே, அதுவரை அவன் கேட்டே இராத ஒரு குரல் கூரை அதிரக் கத்தியது:

"தர மாட்டேன் போ!"

அவன் எழுந்து திரையை விலக்கினான். மனைவி பிடுங்கிய டப்பாவும் கையுமாக நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்போதும் பழக்கதோஷம் விடவில்லை.

"ஐயோ, முழிச்சிட்டீங்களா?"

அவன் தரையில் மகளுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"அதை அவகிட்ட குடுத்துட்டு, இன்னொரு தடவை பிடுங்கு," என்றான்.