மேல்மண்

பசுமைக்குடிலில் மண் அவ்வளவு இறுகிப்போயிருந்தது. முதல் செடியைப் பிடுங்க அவர் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. ஒரு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் காட்டாத தொட்டி. பக்கத்து வரிசையில் சாதாரண நிலக்கடலை சருகாகிக் கிடக்க, அவர் மனைவி ஆய்வகத்தில் மரபணு சேர்த்து, ஆறு வருடம் பாடுபட்டு உருவாக்கிய இந்த வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. வறட்சியை ஜெயித்தாயிற்று என்று டைரக்டரிடம் அவர் நேற்றே சொல்லிவிட்டார்.

வேரில் ஒரு காய்கூட இல்லை.

பூத்த பிறகு கடலைச்செடி விழுது இறக்கும். அது மண்ணுக்குள் போனால்தான் காய். இங்கே விழுதுகள் காய்ந்த மேல்மண்ணை முட்டி, துளைக்க முடியாமல் அந்தரத்திலேயே கருகியிருந்தன.

இதற்குத்தான் அவள் பயந்தாள். விழுது இறங்கும் வாரத்தில் மேல்மண் நனைகிற அளவுக்கு ஒரே ஒரு முறை தெளிக்கச் சொன்னாள். அதைச் சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான் வினையாகிவிட்டது. "வீட்டுல வச்சு சிபாரிசு பண்ணாதே" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்களைப் பற்றி ஆய்வகத்தில் ஒரு கேலி உண்டு: "ரெண்டு பேரும் கடலை ஆராய்ச்சி பண்றாங்களா, கடலை போடுறாங்களா?" அன்று அவரும் சேர்ந்து சிரித்தவர்தான். தண்ணீர்ப் பொறுப்பு கைக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்புக்கே பயந்தார். பெண்டாட்டி செடிக்குச் சலுகை என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது.

"எல்லாத் தொட்டிக்கும் சேர்த்துத்தானே தெளிக்கச் சொன்னேன்" என்றாள், பக்கத்தில் நின்று வெறும் வேரைப் பார்த்தபடி.

"இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? டைரக்டர் ஆளுங்களோட வந்துட்டிருக்காரு. இலையைத்தான் பாப்பாங்க. நீ வாயைத் திறக்காம இரு, போதும்."

"விதைக்கிறவங்க இலையையா மூட்டை கட்டுவாங்க?"

"அடுத்த தடவை தெளிச்சுப் பாத்துக்கலாம்மா." கல்யாணமான புதிதில் பேசிய குரல். அவள் அதைக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. "இந்தத் தடவை என் பேரு கெட்டுடும்."

"யாரோட செடிங்க இது?"

"நம்மளோடது."

சாப்பாட்டு மேசையில் அந்த வார்த்தை ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அடுத்த தொட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு செடியைப் பிடுங்கினாள். அதற்கடுத்ததையும். வேர்ப்பக்கம் வாசலைப் பார்க்க, நடைபாதையில் ஒவ்வொன்றாகக் கிடத்தினாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் வந்தவர்களும் செருப்புக்கு உறை மாட்டிக்கொள்ள, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஒற்றைக் காலில் ஆடியபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்பக்கத் தாழ்ப்பாளின் மேல் அவள் கணவரின் கை இருந்தது. திறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.